கேட்டில் நிற்பவனுக்குத்தான் முழுக் கதையும் தெரியும்

ராயபுரம் ஜீரோ கேட்டுக்கு வெளியே, பிளாஸ்டிக் கவருக்குள் பேப்பர்களைச் செருகிக்கொண்டு நிற்கும் தம்பியைத்தான் கேட்கிறேன். உன் எதிரில் ட்ரெய்லர் மேல் உட்கார்ந்திருக்கிறதே ஒரு நாற்பதடி கன்டெய்னர், அது கப்பலேற எத்தனை பேர் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்? சரக்கு அனுப்பும் கம்பெனியின் மேனேஜரைக் கேட்டால், "எங்க சிஎச்ஏ பார்த்துக்குவார்" என்பார். ஷிப்பிங் லைன் ஆபீசில் கேட்டால், "பெட்டி கேட்டுக்குள்ள போகட்டும், அப்புறம் பேசலாம்" என்பார்கள். டெர்மினலில், "பேப்பர் சரியா இருந்தா விடுவோம்" என்பார்கள். அவரவருக்கு அவரவர் மேஜை தெரியும். அடுத்த ஆபீசில் என்ன நடக்கிறது என்று தெரியாது.

உனக்குத் தெரியும். எந்த யார்டில் எம்ட்டி எடுக்க வேண்டும், அங்கே எத்தனை மணிக்கு ஆள் எழுந்து போய்விடுவார், எந்த எடைமேடையில் இரவில் சீட்டுக் கிடைக்கும், பெட்டியைக் கேட்டுக்குள் விடக் காட்ட வேண்டிய பார்ம்-13 எந்த லைனில் தாமதமாகும் என்றெல்லாம் உன் விரல் நுனியில் இருக்கிறது. இத்தனையும் தெரிந்து வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் பெரியப்பா "என்னப்பா வேலை பாக்குற?" என்று கேட்டால், "சும்மா, ஹார்பர்ல ஓடிட்டிருக்கேன் பெரிப்பா" என்று தலையைக் குனிகிறாய். அந்தச் "சும்மா"வைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தண்டையார்பேட்டையில் ஏதோ ஒரு மாடியறையில், நாள் முழுக்க டாக்குமென்டேஷன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "நான் வெறும் டைப்பிங்தான் அண்ணா" என்று சொல்லும் தங்கச்சிக்கும் சேர்த்தே எழுதுகிறேன். உங்கள் இருவர் கையிலும் இருப்பது பெரிய கல்வி. ஒரே குறை, அது உங்கள் தலைக்குள்ளேயே கிடக்கிறது. அதைக் காகிதத்தில் இறக்க வேண்டும். எப்படி இறக்குவது என்று சொல்லத்தான் வந்தேன். நெருப்பில் நட, பலகையை உடை, கண்ணாடி முன் நின்று உன் பெயரை நூறு முறை சொல் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. ஒரு பென்சிலும் ஒரு ஸ்கேலும் போதும்.

முதலில் அந்தப் பெட்டியின் பயணத்தை ஒரு முறை ஓட்டிப் பார்ப்போம். ஏற்றுமதி செய்பவர் லைனிடம் இடம் பதிவு செய்கிறார். லைன், காலிப் பெட்டியைக் கொடுக்கச் சொல்லி யார்டுக்கு உத்தரவு தருகிறது. டிரான்ஸ்போர்ட்காரர் வண்டி அனுப்புகிறார். மணலி, மாதவரம் பக்கம் யார்டில் பெட்டி ஏறி, ஒரகடத்திலோ அம்பத்தூரிலோ தொழிற்சாலையில் சரக்கு நிரம்பி, மின்னணு சீல் விழுகிறது. அடுத்தது எடை. 2016 ஜூலை 1 முதல், சரிபார்க்கப்பட்ட மொத்த எடை இல்லாமல் எந்தப் பெட்டியையும் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது உலகக் கடல் பாதுகாப்பு ஒப்பந்த விதி. இதற்கிடையே சிஎச்ஏ என்கிற சுங்கத் தரகர் ஷிப்பிங் பில்லைச் சுங்கத் துறையின் இணையத்தளத்தில் போடுகிறார். லைன் தரப்பிலிருந்து பார்ம்-13 வருகிறது. கேட்டில் பாஸ், சீல், நம்பர், பேப்பர் எல்லாம் பார்த்து உள்ளே விடுகிறார்கள். சுங்கம் ஏற்றுமதிக்கு அனுமதி தந்த பிறகு டெர்மினல் கப்பலில் ஏற்றுகிறது. தொழிற்சாலை, லைன், யார்டு, டிரான்ஸ்போர்ட், தரகர், எடைமேடை, சுங்கம், பாதுகாப்புப் படை, டெர்மினல் என்று கணக்குப் போட்டுப் பார். ஒன்பது தரப்பு. ஒருவர் மற்றவருக்கு முதலாளி இல்லை. யாரும் யாரையும் வேலையை விட்டுத் தூக்க முடியாது. ஆனால் காலை ஆறு மணி கட்-ஆஃப்புக்குள் ஒன்பது பேரும் ஒத்துப்போயாக வேண்டும்.

1983-ல் சென்னைத் துறைமுகத்தின் பாரதி டாக்கில் கன்டெய்னர் முனையம் திறந்த காலத்திலிருந்து இந்தக் கரையின் தலையாய வேலை இதுதான். இன்று சென்னை, எண்ணூர் காமராஜர், காட்டுப்பள்ளி என்று ஒரே கரையில் மூன்று துறைமுகங்கள். வட சென்னை என்றாலே அரிவாளும் கானாவும் என்று சினிமாக்காரர்கள் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். காட்டட்டும். நாட்டிலேயே சிக்கலான ஒருங்கிணைப்பு வேலைகளில் ஒன்று, இங்கே ஒவ்வொரு ராத்திரியும் டீக்கடை வாசலில் நின்றபடி நடக்கிறது. அதை நடத்துகிறவன் நீ.

பல தரப்பு சேர்ந்து செய்யும் இந்த வகை வேலையைப் படமாக வரைய உலகம் முழுவதும் ஒரு பொது முறை இருக்கிறது. பிபிஎம்என் என்பார்கள். 2004-ல் முதல் பதிப்பு வந்தது. 2011-ல் இரண்டாம் பதிப்பு. 2013-ல் ஐஎஸ்ஓ 19510 என்ற எண்ணோடு பன்னாட்டுத் தரமாகவும் ஆகிவிட்டது. பெரிய ஐடி கம்பெனிகளில் இதை வரைந்து கொடுப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் இரவு இரண்டு மணிக்கு எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி வரிசையைப் பார்த்திருப்பார்கள்?

முறை எளிது. ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு நீளப் பட்டை போடு. அதற்குப் பூல் என்று பெயர். ஒரே கம்பெனிக்குள் சூப்பர்வைசர், டிரைவர், கணக்காளர் என்று ஆள் பிரிய வேண்டுமானால் பட்டைக்குள் கோடு போட்டுப் பிரித்துக்கொள். அவை லேன். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் வட்டம். செய்யும் வேலைக்கு முனை மழுங்கிய கட்டம். முடிவெடுக்கும் இடத்துக்கு டைமண்ட். காத்திருக்கும் இடத்துக்குக் கடிகாரம் போட்ட வட்டம். இவ்வளவுதான் உனக்கு இப்போதைக்கு வேண்டியது. மற்ற அடையாளங்கள் நூற்றுக்கு மேல் போகும், அவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு விதி இருக்கிறது. எனக்கு இந்த முறை மேல் மரியாதை வந்ததே அந்த விதியால்தான். ஒரு பட்டைக்குள் வேலையிலிருந்து வேலைக்குப் போகும் அம்பு, முழுக் கோடு. அந்த முழுக் கோடு பட்டையின் எல்லையைத் தாண்டக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் தாண்டக் கூடாது. இன்னொரு பட்டைக்குப் போக வேண்டுமானால் விட்டுவிட்டுப் போட்ட கோடு மட்டும்தான் போகலாம், அதைப் புள்ளிக் கோடு என்று வைத்துக்கொள்வோம். புள்ளிக் கோடு என்பது செய்தி. அதாவது உன் கம்பெனிக்குள் நீ வேலையை நகர்த்தலாம். அடுத்த கம்பெனிக்குள் போய் அவன் வேலையை நீ நகர்த்த முடியாது. செய்தி அனுப்பலாம். பதில் வாங்கலாம். அவன் உள்ளே என்ன செய்கிறான் என்பது தெரியாவிட்டால் அந்தப் பட்டையை வெறுமையாகவே விடலாம். அதையும் இந்த முறை ஒத்துக்கொள்கிறது.

இப்போது யோசி. தினமும் உன் பாதி உயிர் எதில் போகிறது? அடுத்தவன் பட்டைக்குள் முழுக் கோடு போடப் பார்க்கிறாய். லைன் ஆபீஸ் கவுன்ட்டரில் நின்று, "ஏன் சார் இன்னும் போடல, சீக்கிரம் போடுங்க சார்" என்று கத்துகிறாய். கெஞ்சுகிறாய். அந்த ஆள் நிமிர்ந்து பார்க்கக்கூட மாட்டார். நீ மனம் நொந்து, "நமக்கு மரியாதை இல்ல" என்று திரும்புகிறாய். மரியாதை இல்லாததால் அது நின்றுபோகவில்லை, தம்பி. அவருக்குப் போக வேண்டிய செய்தி, போக வேண்டிய வடிவத்தில், போக வேண்டிய நேரத்தில் போகவில்லை. கெஞ்சலை அவர் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியாது. சரியான புக்கிங் நம்பரை ஏற்றலாம்.

ஒரே ஒரு ராத்திரியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். எடைமேடையில் இறங்கிய டிரைவர், வெளிச்சம் போதாத இடத்தில் நின்று, கன்டெய்னர் நம்பரைச் சூப்பர்வைசருக்குப் போனில் படிக்கிறார். பக்கத்தில் ஹாரன். ஐந்து என்று சொன்னது ஒன்பது என்று காதில் விழுகிறது. சூப்பர்வைசர் அதை வாட்ஸ்அப்பில் தரகர் ஆபீசுக்குப் போடுகிறார். தங்கச்சி அதைப் பார்த்து லைனுக்கு அனுப்புகிறாள். பார்ம்-13 அந்த நம்பரிலேயே வந்து விழுகிறது. இரவு பதினொன்றுக்கு வண்டி கேட்டுக்கு வருகிறது. பெட்டியில் ஒரு நம்பர், பேப்பரில் ஒரு நம்பர். ஓரம் கட்டு. திருத்தும் ஆள் காலை பத்து மணிக்குத்தான் வருவார். ஆறு மணிக்குக் கட்-ஆஃப் முடிந்து பெட்டி ஷட் அவுட். அடுத்த கப்பல் வரை காத்திருப்பு, வண்டிக்கு ஹால்டிங், வெளிநாட்டு வாடிக்கையாளரின் கோபம். கடைசியில் யாருக்குத் திட்டு? படித்துச் சொன்ன டிரைவருக்கு. எட்டாவது படித்த அந்த மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் போகிறார்.

இதை வரைந்து பார். டிரான்ஸ்போர்ட், தரகர், லைன், டெர்மினல் என்று நான்கு பட்டை. நம்பர் என்ற ஒரே செய்தி மூன்று எல்லைகளைத் தாண்டுகிறது. மூன்று இடத்திலும் ஒரு டைமண்ட் கூட இல்லை. சரியா, தப்பா என்று யாரும் கேட்கவில்லை. முதல் டைமண்ட் நான்காவது பட்டையில், கேட்டில் இருக்கிறது. அதுவும் திருத்த ஆளில்லாத நேரத்தில். படத்தைப் போட்டவுடன் டிரைவர் குற்றவாளி இல்லை என்பது பளிச்சென்று தெரிகிறதா இல்லையா?

டைமண்டை எங்கே வைப்பது? அந்தப் பெட்டியிலேயே விடை எழுதியிருக்கிறது. கன்டெய்னர் நம்பர் என்பது நான்கு எழுத்து, ஏழு எண். ஏழாவது எண்ணைச் சுற்றிப் பெரும்பாலும் ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். தினமும் பார்த்திருப்பாய், ஏன் என்று கேட்டிருக்க மாட்டாய். அது சரிபார்ப்பு எண். முன்னால் உள்ள நான்கு எழுத்துக்கும் ஐஎஸ்ஓ 6346 தரத்தில் தனித்தனி மதிப்பு உண்டு. அந்த மதிப்புகளையும் அடுத்த ஆறு எண்களையும் வரிசையாக 1, 2, 4, 8, 16 என்று இரட்டிப்பாகிக்கொண்டே போகும் எண்களால் பெருக்கிக் கூட்டி, பதினொன்றால் வகுத்தால் வரும் மீதிதான் அந்தக் கட்டத்துக்குள் இருக்க வேண்டும். பத்து மீதி வந்தால் பூஜ்யம். ஒரு எண் மாறினாலும், பக்கத்துப் பக்கத்து எண்கள் இடம் மாறினாலும், அநேகமாக இந்தக் கணக்கு இடித்துவிடும். கையால் போட வேண்டியதில்லை. தங்கச்சியின் எக்செல் தாளில் ஒரு பார்முலா போட்டால் தப்பான நம்பர் சிவப்பாக மின்னும். செலவு பூஜ்யம். அந்த டைமண்ட் தரகர் பட்டையில், செய்தி வந்து சேரும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டால் பெட்டி ஷட் அவுட் ஆகாது, டிரைவர் திட்டு வாங்க மாட்டார். இதை எந்த எம்பிஏ படித்தவரும் வந்து சொல்லப்போவதில்லை. அவருக்கு எடைமேடையில் வெளிச்சம் இல்லை என்பதே தெரியாது.

இன்னொன்று, கடிகாரம். புள்ளிக் கோடு போய்ச் சேர்ந்த பிறகு பதில் வரவில்லையென்றால்? நம் ஆட்கள் காத்திருப்பார்கள், டீ குடிப்பார்கள், மறுபடி காத்திருப்பார்கள். படத்தில் ஒவ்வொரு காத்திருப்புக்கும் பக்கத்தில் ஒரு கடிகாரம் போட்டு, எத்தனை மணி நேரம், அது தாண்டினால் யாருக்குப் போன் என்று எழுது. எழுத முடியவில்லையென்றால் அங்கேதான் அடுத்த இடி விழப்போகிறது என்று தெரிந்துகொள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கு ஒத்துவராது என்று நினைக்கிறாயா? எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு ஏரிக்குப் போய்ப் பார். மீனவ ஊர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடு என்ற முறையை வைத்திருக்கின்றன. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடலாம் என்று முறை மாற்றி மாற்றிப் பங்கிடுவது. நல்ல இடம் ஒருவனிடமே தங்கிவிடாது. எல்லோருக்கும் மேலே ஒரு முதலாளி உட்கார்ந்து உத்தரவு போட்டதில்லை. பேசி வைத்துக்கொண்ட ஒழுங்கு மட்டும்தான். மேலதிகாரி இல்லாமல் தரப்புகள் தங்களுக்குள் செய்தி மாற்றிக்கொண்டே வேலையை முடிப்பதற்கு பிபிஎம்என் இரண்டாம் பதிப்பில் தனி வரைபடம் சேர்த்தார்கள். 2011-ல். ஏரிக்கரை ஆட்களுக்கு அது தாத்தா காலத்துப் பழக்கம். காசிமேட்டில் விடிவதற்கு முன் போய் நின்றாலும் தெரியும். படகுக்காரர், ஐஸ்காரர், ஏலம் விடுகிறவர், வியாபாரி, கூடை சுமக்கும் அக்கா என்று அத்தனை தரப்பும் சூரியன் ஏறுவதற்குள் கணக்கை முடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். உன் ரத்தத்திலேயே ஊறிய வேலை இது. கற்றுக்கொள்ள முடியாதென்று எவன் சொன்னான்?

கோடுகள் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதையும் இந்தக் கரை பார்த்துவிட்டது. 2017 ஜனவரி 28 அதிகாலை, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் மாசு இல்லை என்றுதான் முதலில் அறிக்கை வந்தது. எர்ணாவூர்ப் பாறைகளில் கறுப்புக் குழம்பு வந்து அப்பிய பிறகு கதை மாறியது. கடலில் எண்ணெய் கொட்டினால் யார் என்ன செய்ய வேண்டும் என்று கடலோரக் காவல்படையின் பொறுப்பில் தேசியத் திட்டம் ஒன்று 1996-லிருந்தே இருக்கிறது. துறைமுகம் இருந்தது, காவல்படை இருந்தது, மாநிலத் துறைகள் இருந்தன, கப்பல் கம்பெனிகள் இருந்தன. ஒவ்வொரு பட்டையும் பத்திரமாக இருந்தது. நடுவில் ஓட வேண்டிய புள்ளிக் கோடுகள்தான் நேரத்துக்கு ஓடவில்லை. கடைசியில் மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியபோதும் படகை எடுத்துக்கொண்டு போய் வாரியது மீனவர்கள்தான். பெரிய நாற்காலிகளுக்கு நடுவில் விடுபட்ட கோட்டுக்கு, ஒவ்வொரு முறையும் விலை கொடுப்பது இந்த ஊர் மக்களின் கை. அதனால்தான் சொல்கிறேன், கோடு போடும் வேலையை நாற்காலிகளிடம் விட்டுவைக்காதே.

"நான் வரைஞ்சா யாரு சார் பார்ப்பாங்க?" கேட்பாய் என்று தெரியும். 1912-ல் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்க்கு ஒரு குமாஸ்தா சேர்ந்தார். பெயர் ராமானுஜன். அவர் கணித மேதை, அந்தக் கதையை மேடைக்கு மேடை சொல்லிவிட்டார்கள். நான் பார்ப்பது வேறொன்றை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் தொடக்கத்திலேயே, துறைமுக அலுவலகக் குமாஸ்தா என்பதையும் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் என்பதையும் மறைக்காமல் எழுதினார். "சும்மா ஹார்பர்ல" என்று எழுதவில்லை. வெறும் கோரிக்கையும் அனுப்பவில்லை, கணக்குகளைச் சேர்த்து அனுப்பினார். அதற்கு முன் வேறு இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதியதில் ஒன்றும் நடக்கவில்லை. ஹார்டி பதில் எழுதினார். அடுத்தவர் பட்டைக்குள் நாம் நுழைய முடியாது, செய்தியை மட்டும் நன்றாகச் செய்து அனுப்பலாம். இங்கே துறைமுகத்திலும் தலைமைக் கணக்காளர் நாராயண ஐயர், தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்று காகிதத்தைப் பார்த்து மதித்தவர்கள் இருந்தார்கள். உன் ஆபீசிலும் ஒருவராவது இருப்பார்.

பயம் ஒன்று இருக்கிறது, அதையும் பேசிவிடுவோம். எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டால் ஓடுகிறவன் எதற்கு? நியாயமான பயம். 2020 ஜூன் 8 அன்று இறக்குமதிக்கான முகமறியா மதிப்பீட்டைச் சென்னையிலும் பெங்களூரிலும்தான் முதலில் தொடங்கினார்கள். ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸில் மாடி மாடியாக ஃபைல் தூக்கிக்கொண்டு ஏறிய காலம் கரைந்துகொண்டிருக்கிறது. உன் பில்லைப் பார்க்கும் அதிகாரி வேறு ஊரில் இருக்கலாம். ஓட்டம் குறையும், குறைந்தே தீரும். ஆனால் புள்ளிக் கோடுகள் குறையவில்லை, கூடியிருக்கின்றன. ஒவ்வொரு புது போர்ட்டலும் ஒரு புதுப் பட்டை. எது எங்கே இடிக்கும் என்று தெரிந்தவனுக்கு விலை ஏறும். காலால் மட்டும் பிழைத்தவனுக்கு இறங்கும். கசப்பாக இருந்தாலும் இதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

ஏணி கண்ணெதிரே இருக்கிறது. சுங்கத் தரகர் உரிம ஒழுங்குமுறைகள், 2018. எச் கார்டு உதவியாளருக்கு. தேர்வு எழுதித் தேறினால் ஜி கார்டு. பட்டமும் ஜி கார்டோடு இரண்டு ஆண்டு அனுபவமும் இருந்தால், உரிமத் தேர்வையே எழுதலாம். எழுத்து, பிறகு வாய்மொழி. அதில் தேறினால் நீயே சுங்கத் தரகர் ஆகலாம். இன்று உன்னை "டேய் தம்பி" என்று கூப்பிடுகிறவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி அது. தேர்வில் சட்டம் கேட்பார்கள், நடைமுறை கேட்பார்கள். நடைமுறையை நீ வரைந்தே வைத்திருந்தால் புத்தகத்தில் பாதி உனக்குப் பழைய கதை. திருவொற்றியூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகும் நேரத்தில் மீதியைப் படி.

இன்றிரவே தொடங்கு. பழைய காலண்டரின் பின்பக்கம் போதும். எல்லாக் கப்பலையும் வரைய வேண்டாம். போன மாதம் உன்னை நடு ரோட்டில் நிறுத்திய ஒரே ஒரு பெட்டியை எடுத்துக்கொள். எத்தனை தரப்போ அத்தனை பட்டை. யார் எதை யாருக்கு அனுப்பினார்கள் என்று புள்ளிக் கோடு. வண்டி நின்ற இடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம். அதற்கு முன்னால் எங்கே ஒரு டைமண்ட் வைத்திருந்தால் நின்றிருக்காது என்று குறி. யாரையும் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை எழுதாதே, எழுதினால் உன் படத்தை விட்டுவிட்டு அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்வார்கள். டிரைவர் அண்ணனிடம் காட்டு, அவர் இரண்டு திருத்தம் சொல்வார், போட்டுக்கொள். தங்கச்சியிடம் காட்டு, அவள் நீ பார்க்காத ஒரு கோட்டைக் காட்டுவாள். அப்புறம் நல்ல தாளில் பிரதி எடுத்து, நாளை மறுநாள் காலை உன் மேனேஜர் மேஜையில் வை. கீழே, இடது ஓரத்தில், வரைந்தவர் என்று போட்டு உங்கள் மூன்று பேர் பெயரையும் முழுதாக எழுது.